சேசிஸில் ஃபோம் ஊற்றிய பின் எழும் குறைகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரின் கூட்டுக்குள் இருக்கும் வெற்றுப் பெட்டிச் சட்டங்களில் கெட்டியான பாலியூரித்தேன் ஃபோமை ஊற்றி, கூட்டின் முறுக்கத்தைக் குறைத்து, வளைவுகளில் வண்டியின் நடத்தையைச் சீராக்கும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு ஏதேனும் குறை தலைகாட்டினால், அது ஃபோமின் குறையா, ஊற்றிய முறையின் குறையா, அல்லது ஃபோமுக்கு முன்பே வண்டியில் இருந்த குறையா என்று பிரித்து அறிவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது. ஊற்றி இறுகிய ஃபோமைத் தகட்டை வெட்டாமல் வெளியே எடுக்க வழியில்லை. ஆகவே, குறை தெரிந்தவுடன் துளையிடவோ மேலும் ஊற்றவோ தொடங்காமல், அறிகுறியைப் பார்த்து, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உள்ளே போக வேண்டும். கீழே உள்ளவை அந்த வரிசையில் எழுதப்பட்டவை.

முதலில் ஃபோம் என்ன செய்கிறது என்பதில் தெளிவு வேண்டும். மாருதி 800, ஜென், எஸ்டீம், பழைய ஹோண்டா சிட்டி, ஏன் அம்பாசடர்கூட, தனிச் சேசிஸ் இல்லாமல், தகடுகளை மடித்து ஸ்பாட் வெல்டிங்கில் சேர்த்த கூடுகளே. கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும், கூரையைத் தாங்கும் தூண்களான முன் பில்லர், நடுப் பில்லர், பின் பில்லர் ஆகியவையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டால் ஆன வெற்றுப் பெட்டிகள். ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்ணான மீள்தன்மைக் குணகம் இரும்புக்குச் சுமார் 2,00,000 மெகாபாஸ்கல். நாம் ஊற்றும் ஃபோமுக்கு அது சில பத்து மெகாபாஸ்கல்தான். எனவே ஃபோம் தானாகப் பாரத்தைத் தாங்குவதில்லை. காலித் தீப்பெட்டியைத் திருகினால் அதன் சுவர்கள் உள்ளும் புறமுமாக மடங்குவதைப் போல, கூடு முறுக்கப்படும்போது பெட்டிச் சட்டத்தின் சுவர்கள், குறிப்பாகப் பில்லரும் ரன்னிங் போர்டும் சேரும் மூட்டுகளில், நெளிகின்றன. அந்த நெளிவைத் தடுத்து, தகட்டைத் தன் வடிவத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் ஃபோமின் வேலை. தகட்டோடு ஒட்டாத ஃபோமும், மூட்டை எட்டாத ஃபோமும், இலேசான ஃபோமும் அந்த வேலையைச் செய்ய மாட்டா. கீழ்க்காணும் குறைகளில் பாதிக்கும் மேல் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

புதிய கார்களில் தயாரிப்பாளர்களே வைக்கும் ஃபோம் வேறு வகை. அது எபாக்சி அடிப்படையிலான துண்டாகச் சட்டத்துக்குள் முன்கூட்டியே வைக்கப்பட்டு, பெயிண்ட் உலையின் சூட்டில் விரிந்து இறுகுவது. அதைக் காட்டி, பட்டறையில் ஊற்றும் இரு திரவ ஃபோமுக்கும் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. பொலீரோ, ஸ்கார்பியோ போன்ற தனிச் சேசிஸ் வண்டிகளுக்கும் இதனால் பெரிய பயன் இல்லை.

சோதனைக்கு முன் ஓர் அளவு

ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கருத்தை மட்டும் வைத்துப் பிழை தேடக் கூடாது; ஓர் அளவு வேண்டும். சமமான சிமெண்டுத் தளத்தில் வண்டியை நிறுத்தி, முன் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தின் மேல் முன் மூலையிலிருந்து கீழ்ப் பின் மூலை வரை உள்ள குறுக்களவை எடுக்க வேண்டும். இதற்கு டேப் போதாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களால் நீளும் கோல் ஒன்றைச் செய்து, முனைகளைக் கூராக்கி, நீளத்தின் மாற்றத்தை வெர்னியரால் அளந்தால் மில்லிமீட்டரின் பகுதிகள்கூடத் தெரியும். பிறகு அதே பக்க முன் ஜாக்கிப் புள்ளியில் வண்டியைத் தூக்கி, முன் சக்கரம் தரையை விட்டு எழுந்ததும், பாதுகாப்புக்கு ஸ்டாண்டு வைத்துவிட்டு, மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தக் கூடு எவ்வளவு நெளிகிறது என்பதற்கான எண். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி, அதே உயரம், ஏறத்தாழ அதே அளவு பெட்ரோல் இருக்க வேண்டும். ஃபோம் ஊற்றும் முன்பே இதை எடுத்து வைத்தவர்களுக்குப் பிழை நீக்கல் மிக எளிது. எடுக்காதவர்கள், அதே மாடலில் ஃபோம் ஊற்றாத, துருவில்லாத இன்னொரு வண்டியை அளந்து ஒப்பிடலாம்.

ஃபோம் ஊற்றியும் ஓட்டுவதில் எந்த மாற்றமும் தெரியவில்லை

மிகுதியாக வரும் புகார் இதுதான். இதில் முதல் கேள்வி, மேலே சொன்ன குறுக்களவின் வேறுபாடு குறைந்திருக்கிறதா என்பது. குறைந்திருந்தால் ஃபோம் தன் வேலையைச் செய்திருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், ஸ்டீயரிங் ரேக் புஷ், பின் ஆக்சிலின் புஷ் ஆகியவற்றில் ரப்பர் வெடித்திருந்தால், கூடு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்காது. பத்து ஆண்டுகளைக் கடந்த டயர்களும் அப்படியே. மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடிக் குழிவிழுந்த சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் புஷ்கள் முழுதாக இருக்கும் என்று நம்புவதற்கே இடமில்லை. புஷ்களை மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்து, அதன் பிறகுதான் ஃபோமைப் பற்றிப் பேச வேண்டும். சரியான வரிசையில் ஃபோம் கடைசி வேலை என்பது என் உறுதியான கருத்து.

குறுக்களவு குறையவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அடர்த்தி. நம் ஊரில் எளிதில் கிடைப்பது பஃப் எனப்படும், குளிர்பதனக் கிடங்குச் சுவர்களுக்கும் மீன் ஏற்றும் பெட்டிகளுக்கும் ஊற்றும் ஃபோம். அதன் அடர்த்தி கனமீட்டருக்குச் சுமார் 40 கிலோ. அது குளிரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. விறைப்பு என்பது அடர்த்தியோடு நேர்விகிதத்தில் அன்றி, அதைவிட வேகமாக உயர்வது. அடர்த்தி இருமடங்கானால் விறைப்பு இருமடங்குக்கும் மேலே போகிறது. கூட்டை விறைப்பாக்கும் வேலைக்குக் கனமீட்டருக்கு 128 கிலோ அளவில் உள்ள ஃபோம் வேண்டும். மூட்டுகளுக்கு மட்டும் என்றால் 250 கிலோவரை போகிறவர்களும் உண்டு. கடைகளில் டப்பாவில் விற்கும், குழாய் வழியே பீய்ச்சி ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் ஃபோம் இந்தக் கணக்கிலேயே சேராது. அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. மூடிய பெட்டிக்குள் காற்று எட்டாத இடத்தில் பல வாரங்கள் ஆனாலும் நடுவில் பசையாகவே நிற்கும்.

ஊற்றியது எந்த அடர்த்தி என்பது நினைவில் இல்லையென்றால், மீதமுள்ள திரவங்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். சிறிதளவு கலந்து ஒரு சிறு அட்டைப் பெட்டியில் பொங்கவிட்டு, ஒரு நாள் இறுகிய பின், பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாக அறுத்து எடை போட வேண்டும். அது ஒரு லிட்டர். எடை 40 கிராம் இருந்தால் அடர்த்தி கனமீட்டருக்கு 40 கிலோ. 128 கிராம் இருந்தால் 128 கிலோ. திரவம் மீதமில்லை என்றால், வாங்கிய மொத்த எடையைக் கொண்டு கணக்கிடலாம். பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள ரன்னிங் போர்டின் கொள்ளளவு 18 லிட்டர். அதை 128 கிலோ அடர்த்தியில் நிரப்ப ஏறத்தாழ 2.3 கிலோ திரவம் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு கிலோதான் ஊற்றினார்கள் என்றால், ஒன்று ஃபோம் இலேசானது, அல்லது பெட்டி பாதி காலி.

பெட்டி காலியாக இருக்கிறதா என்பதை ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் தட்டியே கேட்கலாம். நிரம்பிய இடம் மந்தமாக ஒலிக்கும். வெற்றிடம் கணீரென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தை சாக்பீஸால் குறித்துக்கொண்டு, ரன்னிங் போர்டின் அடிப்பக்கத்தில் ஐந்து மில்லிமீட்டர் துளையிட்டு, சைக்கிள் ஸ்போக் கம்பியை உள்ளே விட்டால், வெற்றிடத்தின் ஆழம் தெரிந்துவிடும். வெற்றிடம் எங்கே மிகுதியாகக் காணப்படுகிறது என்பதும் ஒரு தடயம். நீளமான சட்டத்தின் நடுவில் காலியாக இருந்தால், ஒரே துளை வழியாக மொத்தத்தையும் ஊற்றியிருக்கிறார்கள். பில்லரின் அடியில் காலியாக இருந்தால், உள்ளே இருக்கும் வலுவூட்டும் தகடு வழியை மறித்திருக்கிறது. பெட்டிக்குள் பெட்டியாக இரண்டு மூன்று அறைகள் இருப்பது வழக்கம்; ஒவ்வொரு அறைக்கும் தனித் துளை வேண்டும். காலியான அறைக்குக் கீழே ஊற்றும் துளையும் மேலே காற்று வெளியேறும் துளையும் இட்டு, சிறு சிறு அளவாக மறுபடியும் ஊற்றுவதே தீர்வு. புதிய ஃபோம் பழைய ஃபோமின் மேல் நன்றாகவே ஒட்டும்.

திரவம் உள்ளே பாயும் முன்பே பொங்கித் துளையை அடைத்துவிடுகிறது

இது ஏறக்குறைய முழுவதும் வெயிலின் குறை. பெரும்பாலான இரு திரவ ஃபோம்களும் 25 டிகிரியை ஒட்டிய வெப்பநிலைக்குக் கணக்கிடப்பட்டவை. மே மாதப் பிற்பகலில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. வெயிலில் நின்ற காரின் தகடு அதையும் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் கலந்த திரவம் பொங்கத் தொடங்கும் நேரம் பாதிக்கும் கீழே குறைந்துபோகிறது. ஆகவே விடியற்காலையில், இரவு முழுவதும் நிழலில் நின்ற வண்டியில், குளிர்ந்த அறையில் வைத்திருந்த திரவங்களைக் கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். டப்பாக்களை ஐஸில் வைத்துக் குளிர்விக்க நினைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மூடியைத் திறந்தவுடன் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, அடுத்த குறைக்கு வழிவகுக்கும்.

ஒரே தடவையில் பெரிய அளவு ஊற்றுவதும் கூடாது. இந்த வினை தானே சூட்டை உண்டாக்குவது. ஃபோம் வெப்பத்தைக் கடத்தாததால் நடுவில் சேரும் சூடு வெளியேற முடியாமல் உட்பகுதி பழுப்பாகத் தீய்ந்து, நொறுங்கி, வெடிப்புவிடும். அறுத்துப் பார்த்த துண்டின் நடுவில் பழுப்பு நிறம் தெரிந்தால் காரணம் இதுவே. ஒவ்வொரு தடவையும் ஊற்றியது பொங்கி, இறுகி, தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்த பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும்.

ஃபோம் பிசுபிசுப்பாக, மெத்தென்று, அல்லது பொடியாக இருக்கிறது

கலக்கும் இரு திரவங்களில் ஒன்று பாலியால், மற்றது ஐசோசயனேட். பாலியால் மிகுந்தால் ஃபோம் ரப்பர் போல மெத்தென்று நின்று நாளடைவில் சுருங்கும். ஐசோசயனேட் மிகுந்தால் கண்ணாடி போல நொறுங்கும். இரண்டும் நன்றாகக் கலக்காவிட்டால் ஒரே துண்டிலேயே இரண்டு தன்மையும் வரிவரியாகத் தெரியும். விகிதம் எடைக்கா, கொள்ளளவுக்கா என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு திரவங்களின் அடர்த்தியும் வேறு என்பதால், எடை விகிதத்தைக் கோப்பையால் அளந்து ஊற்றினால் பிழை நிச்சயம். நீண்ட நாள் நின்ற டப்பாவில் பாலியாலோடு சேர்ந்த பொருள்கள் அடுக்காகப் பிரிந்திருக்கலாம் என்பதால், திறக்கும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும்.

பெரிய பெரிய துளைகளோடு, விரலால் தேய்த்தால் உதிரும்படி இருந்தால் அது ஈரத்தின் வேலை. ஐசோசயனேட் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு ஃபோமைத் தேவைக்கு மேல் ஊதிவிட, அடர்த்தி சரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ஊற்றியதும், தண்ணீர் அடித்துக் கழுவிய சட்டத்தைக் காயவிடாமல் ஊற்றியதும் இப்படித்தான் ஆகும். இந்த மூன்று நிலைகளிலும் மேலே மேலே ஊற்றுவது பயன்தராது. கெட்ட ஃபோமைச் சுரண்டி எடுக்க முடிந்த இடத்தில் எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். எடுக்க முடியாத இடத்தில் அதை ஒரு காலிப் பெட்டியாகவே கருதிக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும்.

ரன்னிங் போர்டு உப்பிவிட்டது, கதவு முன்போல மூடவில்லை

பொங்கும் ஃபோமுக்குப் போக இடமில்லாவிட்டால் அது தகட்டைத் தள்ளுகிறது. தடித்த உள் தகடு தாங்கிக்கொள்ளும். வெளித்தோல் உப்பும், இணைப்பு ஓரத்தில் பெயிண்ட் வெடிக்கும். காற்றுத் துளைகள் சட்டத்தின் மிக உயர்ந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். அவை கீழே இருந்தாலோ, ஃபோம் ஒழுகுகிறதே என்று டேப் ஒட்டி அடைத்திருந்தாலோ இந்தக் குறை வரும். இறுகிய பிறகு உள்ளழுத்தம் மேலும் உயராது என்பதால் உப்பல் பெரிதாகாது. கதவு உரசுகிறது என்றால் கீல்களைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். உப்பிய தகட்டைச் சூடுகாட்டித் தட்டி இறக்க டிங்கரை அனுமதிக்கவே கூடாது. ஏன் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

வளைவிலும் மேடு பள்ளத்திலும் கீச்சென்ற புது ஒலி

ஃபோம் தகட்டிலிருந்து பிரிந்து உரசும் ஒலி இது. துருவைத் தடுப்பதற்காகச் சட்டத்துக்குள் தெளித்த மெழுகு அல்லது பழைய எண்ணெயைத் துடைக்காமல் ஊற்றியிருந்தால் ஃபோம் ஒட்டியிருக்காது. பாலியால் மிகுந்து சுருங்கினாலும் இடைவெளி விழும். ஒலி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் வண்டியின் மூலையை அழுத்தி அசைக்க, மற்றவர் நீண்ட கம்பியின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறு முனையைக் காதோரமும் வைத்துக் கேட்கலாம். இடம் தெரிந்தபின், சிறு துளையிட்டு, மெல்லிய, மெதுவாக இறுகும் எபாக்சி பிசினை ஊசிக்குழலால் செலுத்துவேன். மெழுகு இருக்கும் இடத்தில் அதுவும் நிலைக்காது. ஒலி நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, அந்தச் சட்டத்தில் விறைப்பு குறைவு என்பதை ஏற்றுக்கொள்வதே நேர்மையானது.

கால்வைக்கும் இடத்தில் ஈரம், மக்கிய வாடை, புதிதாகத் துரு

மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஓட்டும் சுகத்தைக் கெடுப்பவை. இது வண்டியையே தின்றுவிடும். எனவே இந்த அறிகுறி தெரிந்தால் மற்றதை நிறுத்திவிட்டு இதை முதலில் பார்க்க வேண்டும்.

கதவுக் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் தண்ணீர், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டியில் விழும் தண்ணீர், சன்ரூஃப் இருந்தால் அதன் குழாய்களில் வரும் தண்ணீர் ஆகியவற்றில் ஒரு பகுதி, பில்லர்கள் வழியாக ரன்னிங் போர்டுக்குள் இறங்கி, அதன் அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் கூடு அமைக்கப்பட்டிருக்கிறது. ஃபோம் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் ஃபோமின் மேல் தேங்கி, தரைத்தகட்டின் இணைப்பு வழியே உள்ளே வருகிறது. இறுகிய ஃபோம் மூடிய கண்ணறைகளால் ஆனது. அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஆனால் ஃபோமுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு பிரிவு இருந்தாலும் தண்ணீர் அதற்குள் ஏறி நின்றுவிடும். அங்கே காற்றோட்டம் இல்லாததால் கோடை முழுவதும் காயாது. மதுரையின் வறண்ட காலநிலையை நம்பி இதைப் புறக்கணிப்பவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் ஒரே வாரத்தில் உள்ளே போகும் தண்ணீர் அடுத்த மழைவரை வேலை செய்யப் போதுமானது.

சோதனை எளிது. தரைவிரிப்பை எடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தொட்டியில் மெதுவாக ஊற்றி, வண்டிக்கு அடியில் எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கதவுச் சட்டத்திலும், பின் கதவு ஓரத்திலும் தனித்தனியே ஊற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீர் வெளியே வராவிட்டால் வழி அடைபட்டிருக்கிறது. அடைபட்ட வழிக்கு நேராக, ரன்னிங் போர்டின் மிகத் தாழ்ந்த இடத்தில், பழைய வடிகால் துளை இருந்த இடத்திலேயே எட்டு மில்லிமீட்டர் துளையிட்டு, ஃபோமைக் குடைந்து மேலே தண்ணீர் நிற்கும் மட்டம் வரை வழி எடுத்து, அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஓரத்தை அடைக்க வேண்டும். வெட்டப்பட்ட தகட்டு ஓரங்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சும், ஃபோம் நிரம்பாத பகுதிகளுக்கு மெழுகும் கட்டாயம்.

வெளித்தகட்டில் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். அப்போது துளையால் பயனில்லை. வெளித்தோலை வெட்டி, ஃபோமை அகற்றி, துருவை முழுவதும் நீக்கி, புதுத்தகடு பற்றவைத்து, பெயிண்ட் உலர்ந்த பிறகே மறுபடியும் ஃபோமைப் பற்றி யோசிக்கலாம். துருப்பிடித்த சட்டத்தை வலுவாக்குவதற்காகவே ஃபோம் ஊற்றச் சொல்லி வருபவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். துரு தின்ற தகட்டுக்கு ஃபோம் எந்த வலுவையும் தராது. துருவை மறைத்து வைக்க மட்டுமே செய்யும். இன்னும் ஊற்றாதவர்கள், வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே குழாயைச் செருகிவிட்டால் இந்தப் பகுதி முழுவதும் தேவைப்படாது.

பின்விளக்கு எரியவில்லை, சீட் பெல்ட் இழுபடவில்லை

ரன்னிங் போர்டுக்கும் பில்லருக்கும் உள்ளே ஓடும் ஒயர்கள் ஃபோமில் புதைந்துபோனால், அவற்றை மாற்ற வழியில்லை; பழுதான ஒயரை இரு முனையிலும் துண்டித்து, தரைவிரிப்புக்குக் கீழே புது ஒயரை ஓட்ட வேண்டும். சீட் பெல்ட் சுருளும் கருவி நடுப் பில்லரின் அடியில் இருக்கிறது. அதற்குள் ஒரு சொட்டு ஃபோம் போயிருந்தாலும் கருவியை மாற்றிய பிறகே வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டும். சுரண்டிச் சரிசெய்ததை நம்பக் கூடாது. ஏர்பேக் உள்ள பில்லர்களிலும், அதன் சென்சார் உள்ள இடங்களிலும் ஃபோம் ஊற்றவே கூடாது. எஞ்சினுக்கு இருபுறமும் முன்னே நீளும் சட்டங்களும் அப்படியே. மோதலில் மடங்கி அதிர்ச்சியை உள்வாங்கும்படி அமைக்கப்பட்ட அவற்றை விறைப்பாக்கினால், அந்த அதிர்ச்சி உள்ளே இருப்பவர்களுக்குப் போகும். அப்படி ஊற்றிவிட்ட வண்டிக்குப் பழுதுநீக்கல் என்பது அந்தச் சட்டத்தையே மாற்றுவதுதான்.

வண்டி முன்பைவிட மோசமாக நடந்துகொள்கிறது

கூடு நெளியும் வரை, அதுவும் ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்துகொண்டிருந்தது. அது நின்றவுடன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டயர் ஆகியவற்றின் உண்மையான குணம் வெளிப்படுகிறது. சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முன்பு வெளிப்பக்கமாக நழுவிய முன்புறம் இப்போது பிடித்து நிற்க, பின்புறம் இலேசாக வெளியே தள்ளுகிறது என்றால், அது கூட்டின் குறையன்று. முதலில் டயரின் காற்றழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து, பின் டயர்களில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைத்தும் கூட்டியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அலைன்மென்ட், அதன் பிறகு ஷாக். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்பது தெரியும்.

ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால், இரண்டு ரன்னிங் போர்டுகளிலும் ஃபோம் சமமாக நிரம்பவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இரு பக்கக் குறுக்களவுகளையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஃபோமால் கூடிய எடை இதற்குக் காரணமாக இருக்க முடியாது. முன் கணக்கின்படி இரண்டு ரன்னிங் போர்டுக்கும் சேர்த்து ஐந்து கிலோவுக்குள்தான் வருகிறது.

வேலை செய்தவருக்கு இருமல், வண்டிக்குள் நீங்காத வாடை

ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாயை உணர்வூட்டிவிடும் இயல்புடையது. ஒருமுறை அப்படி ஆகிவிட்டால், பிறகு மிகச் சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா போன்ற மூச்சிறுக்கம் வரலாம். துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள கவசமும், கையுறையும், கண்ணாடியும், திறந்த வெளியும் வேண்டும். ஊற்றிய இரவிலோ மறுநாளோ நெஞ்சு இறுகினால், என்ன பொருளைக் கையாண்டோம் என்பதைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படி நெஞ்சு இறுகியவர் மறுபடியும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சரியான விகிதத்தில் இறுகிய ஃபோமுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு வாடை இருக்காது. இருந்தால், எங்கோ கலக்காத திரவம் நிற்கிறது; ஊற்றிய துளைகளைத் திறந்து அதைத் தேடி எடுக்காமல் அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

ஃபோம் ஊற்றிய வண்டி அடிபட்டுப் பட்டறைக்குப் போகிறது

இறுகிய பாலியூரித்தேன் எரியும். எரியும்போது கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுக்கள் வெளிவரும். ரன்னிங் போர்டில் கேஸ் வெல்டிங்கோ, கிரைண்டர் பொறியோ பட்டால், தீ சட்டத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து வேறிடத்தில் வெளிவரலாம். எனவே பற்றவைக்கும் இடத்திலிருந்து இருபுறமும் குறைந்தது ஒரு சாண் அளவுக்கு ஃபோமை ரம்பத்தாலும் உளியாலும் வெட்டி எடுத்த பிறகே தீயைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் யாராவது பக்கத்தில் நின்று தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடிபட்ட வண்டியைக் கிரேன் எந்தப் பட்டறையில் இறக்கும் என்று சொல்ல முடியாது. கப்பலூரில் ஃபோம் ஊற்றிய வண்டி திருநெல்வேலியில் ஒரு டிங்கரின் கைக்குப் போகலாம். ஆகவே முன் கதவைத் திறந்தவுடன் தெரியும்படி, நடுப் பில்லரில், எந்தெந்தச் சட்டங்களில் ஃபோம் இருக்கிறது, தீ கூடாது என்று தமிழில் எழுதிய தகட்டை ரிவெட் அடித்து வைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதால், சாலையில் ஓடும் வண்டியானால் ஊற்றும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, ஊற்றிய அடர்த்தி, எடை, தேதி, குறுக்களவுகள் எழுதிய தாளோடு வண்டியின் ஆவணங்களில் சேர்த்து வைக்க வேண்டும்.